கடிதம் யார் மேசையில் இருந்தது? பொறுப்பைப் பற்றி ஒரு கேள்வி பதில்

நான் சட்டத்தரணி. அடிப்படை உரிமை மீறல் மனுக்களோடு கூடுதலான காலத்தைக் கழித்தவன். “நாட்டின் அரசியல், பாதுகாப்புச் சிக்கல்களுக்கு யார் பொறுப்பு?” என்ற தலைப்பில் கேள்விகள் கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் முக்கால்வாசி, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலைப் பற்றியவை. சரி, அதிலிருந்தே தொடங்குவோம். எனக்குத் தெரிந்தது சட்டம். சோதிடம் தெரியாது.

வெள்ளவத்தையிலிருந்து: சேர், மைத்திரிபால சிறிசேன குற்றவாளி என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் ஏன் வெளியே திரிகிறார்?

அப்படி ஒரு தீர்ப்பு வரவே இல்லை. தலைப்புச் செய்தியை மட்டும் வாசித்தால் இப்படித்தான் ஆகும்.

பொறுப்பு மூன்று வகைப்படும். குற்றவியல் பொறுப்புக்கு மேல் நீதிமன்றம், சட்டமா அதிபர், சிறை. அரசியலமைப்புப் பொறுப்பு என்றால், பதவியில் இருந்தவர் கடமை தவறியதால் குடிமக்களின் உரிமை மீறப்பட்டதா என்ற கேள்வி. அதை உயர் நீதிமன்றம் பார்க்கும். அங்கே நட்டஈடு உண்டு, சிறை இல்லை. மூன்றாவது அரசியல் பொறுப்பு. அதற்குத் தண்டனை வாக்குச்சீட்டு. இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். இன்றைக்கு இதை நான் பலமுறை சொல்ல வேண்டி வரும் போலிருக்கிறது.

2023 ஜனவரி 12 இல் ஏழு நீதியரசர்கள் கொடுத்தது இரண்டாம் வகைத் தீர்ப்பு. அப்போது ஜனாதிபதியாயிருந்த சிறிசேன 100 மில்லியன் ரூபா, பொலிஸ் மா அதிபராயிருந்த பூஜித ஜயசுந்தர 75 மில்லியன், அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராயிருந்த நிலந்த ஜயவர்தன 75 மில்லியன், பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியன், தேசிய புலனாய்வுப் பிரதானியாயிருந்த சிசிர மெண்டிஸ் 10 மில்லியன். தங்கள் சொந்தப் பணத்திலிருந்து. அரசு தன் பங்குக்கு ஒரு மில்லியன். குற்றவியல் வழக்கில் வேறு முடிவு: பூஜிதவையும் ஹேமசிறியையும் கொழும்பு மேல் நீதிமன்றம் 2022 பெப்ரவரி 18 இல் 855 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. எதிர்த்தரப்புச் சாட்சியைக்கூட அழைக்கவில்லை. அது மேன்முறையீட்டுக்குப் போனது.

ஒரே ஆட்கள், ஒரே நாள், ஒரே எச்சரிக்கைக் கடிதம். இரண்டு நீதிமன்றங்களும் கேட்ட கேள்வி வேறு. முரண்பாடு என்று கொதிக்க முன் அதைக் கவனியுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து: இந்தியா முன்பே சொல்லியது என்கிறார்கள். யாருக்குச் சொல்லியது? தகவல் எங்கே நின்றது?

இதுதான் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி.

2019 ஏப்ரல் 4 ஆம் திகதி இந்தியப் புலனாய்விடமிருந்து எச்சரிக்கை வந்து நிலந்த ஜயவர்தனவின் கைக்குக் கிடைத்தது. தற்கொலைக் குண்டுதாரிகளின் தலைவனாயிருந்த ஸஹ்ரானின் பெயர் இருந்தது. தேவாலயங்கள் இலக்காகலாம் என்றும் இருந்தது. ஏப்ரல் 7 இல் அவர் அதைச் சிசிர மெண்டிசுக்கு அனுப்பினார். ஏப்ரல் 9 இல் மெண்டிஸ் பொலிஸ் மா அதிபருக்கு எழுதினார். அதே நாள் பாதுகாப்பு அமைச்சில் வழமையான புலனாய்வுக் கூட்டமும் நடந்தது. ஏப்ரல் 11 இல் ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பிறகு எல்லோர் கைப்பேசியிலும் சுற்றிய கடிதம் அதுதான். தாக்குதல் ஏப்ரல் 21.

அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்தவர்களுக்கு “தேவையான நடவடிக்கைக்காக” என்ற வரி நன்றாகத் தெரிந்திருக்கும். கடிதத்தின் மூலையில் அதை எழுதிக் கையொப்பம் வைத்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டால், எழுதியவரைப் பொறுத்தவரை நடவடிக்கை முடிந்தது. பதினேழு நாள் அந்தத் தாள் அப்படித்தான் நடந்து போனது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கோ, கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்துக்கோ, உங்கள் ஊர் சீயோன் தேவாலயத்துக்கோ அது போய்ச் சேரவில்லை. பிரமுகர்களின் மெய்ப்பாதுகாவலர்களுக்குப் போன எச்சரிக்கை பூசைக்குப் போன சனத்துக்குப் போகவில்லை. 260 பேருக்கு மேல் இறந்தார்கள்.

“நான் மேலே அனுப்பினேன்”, “எனக்குக் கீழே வந்தது, நான் அனுப்பினேன்” என்பதுதான் எல்லோருடைய வாதமும். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 2019 ஒக்டோபரில் பாராளுமன்றத் தெரிவுக்குழு, மிகப் பெரிய பொறுப்பு அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளருடையது என்று எழுதிவைத்தது. தகவலின் கனம் முதலில் தெரிந்தவர் அவர்தான் என்ற வகையில் எனக்கு அதில் உடன்பாடு. ஆனால் அவரோடு நிறுத்திவிட முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து: அதிகாரிகள் பிழை விட்டதற்கு ஜனாதிபதி என்ன செய்வார்? அவர் அன்று சிங்கப்பூரில் அல்லவா?

சிங்கப்பூரில் இருந்தது பிரச்சினையில்லை. கொழும்பில் இருந்தபோது செய்ததுதான் பிரச்சினை.

2018 ஒக்டோபர் 26 இல் சிறிசேன, பிரதமர் ரணிலைப் பதவி நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13 இல் அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 16 இல் ரணில் திரும்பவும் சத்தியப்பிரமாணம் செய்தார். அந்த 51 நாளோடு சண்டை முடியவில்லை, பாதுகாப்புச் சபைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிரதமரையும் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சரையும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பொலிஸ் மா அதிபரையும் வெளியே வைத்தார்கள். பாதுகாப்பு அமைச்சைக் கையில் வைத்திருந்த சிறிசேன பொலிசையும் தன் கீழேயே எடுத்திருந்தார்.

வீட்டில் எல்லாச் சாவியையும் ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு, களவு போன பிறகு “எனக்கு ஒருவரும் சொல்லவில்லை” என்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

காத்தான்குடியிலிருந்து: கடைசியில் பழி எங்கள் சமூகத்தின் மீது விழுந்தது. நாங்கள் முன்பே சொன்னோமே, அதை யாராவது கணக்கில் எடுத்தார்களா?

சொன்னீர்கள். அது பதிவில் இருக்கிறது. 2017 மார்ச் 10 இல் காத்தான்குடியில் ஸஹ்ரானின் ஆட்கள் மற்ற முஸ்லிம்களைத் தாக்கிய பிறகு முறைப்பாடுகள் போயின. அவர் தலைமறைவானார், பிடியாணையும் வந்தது. பிடிபடவில்லை. 2018 நவம்பர் 30 இல் வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே முன்னாள் புலி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உண்மையான கொலைகாரர்கள் ஸஹ்ரானின் ஆட்கள் என்று தெரிந்தது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான். அடுத்த மாதம், டிசம்பரில், மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்களே சிக்கின.

வவுணதீவை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பழைய எதிரியைத்தான் தேடுவோம் என்று முடிவுகட்டிக்கொண்ட பாதுகாப்புத் துறைக்குப் புது எதிரி கண்ணில் படாது. ஒரு அப்பாவி ஆறு மாதமளவு மறியலில் இருந்தார், கொலைகாரர்களுக்கு உயிர்த்த ஞாயிறு வரை அவகாசம் கிடைத்தது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அது இருந்தால் நாடு பாதுகாப்பாக இருக்கும் என்பவர்களிடம் நான் இந்த ஒரு வழக்கைத்தான் நீட்டுவேன்.

தாக்குதலுக்குப் பிறகு, 2019 மே 13 ஐ ஒட்டி, மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் முஸ்லிம் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அதற்கு யார் பொறுப்பு என்று இன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டொராண்டோவிலிருந்து: உண்மையான சூத்திரதாரி யார்?

தெரியாது. விசாரணை என் வேலையில்லை.

கண்டியிலிருந்து: பிரதான சூத்திரதாரி யாரென்று உங்களுக்குத் தெரியும், சொல்லப் பயம். சரியா?

மேலே பாருங்கள்.

திருகோணமலையிலிருந்து: ரணில் பிரதமராக இருந்தார். அவர் பெயர் ஏன் தீர்ப்பில் இல்லை?

நல்ல கேள்வி. மனுக்களில் அவர் பெயர் இருந்தது. 2022 ஜூலையில் அவர் ஜனாதிபதியானதும் பதவியிலிருக்கும் ஜனாதிபதி மீது வழக்குப் போட முடியாது என்ற விடுபாட்டுரிமை வந்து சேர்ந்தது. அவரை வழக்கிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. சிறிசேனவுக்கு அந்தக் குடை போய்விட்டது, ரணிலுக்கு அந்த வருடம்தான் கிடைத்தது. குற்றமற்றவர் என்று ஒருவரும் சொல்லவில்லை, பாரதூரமான கேள்வி கேட்கப்படாமலே போனது. அவ்வளவுதான்.

ஹட்டனிலிருந்து: அரசியல்வாதிகளைத் திட்டி என்ன பயன்? கோட்டாபயவுக்கு வாக்குப் போட்டது 69 லட்சம் பேர். நாடு 2022 இல் வங்குரோத்தானதற்கு அவர்கள்தான் பொறுப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து (முன்னர் கேட்டவரே): நாங்கள் அந்த 69 லட்சத்தில் இல்லை. வடக்கும் கிழக்கும் கோட்டாபயவுக்குப் போடவில்லை. எங்கள் கை சுத்தம்.

இந்த இரண்டும் வந்த பிறகு மற்றக் கேள்விகளை ஒருவரும் வாசிக்கவில்லை. நானுந்தான்.

கோட்டாபயவுக்கு 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலில் விழுந்தது 69,24,255 வாக்கு, 52.25 வீதம். வடக்கும் கிழக்கும் சஜித்துக்கே கூடுதலாகப் போட்டன, உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்து நண்பரே, 2015 ஜனவரி 8 இல் சிறிசேனவை 51.28 வீதத்தில் கரைசேர்த்தது யாருடைய வாக்கு? உங்களுடையதும் என்னுடையதும். உயிர்த்த ஞாயிறு வழக்கில் 100 மில்லியன் கட்டச் சொன்னது அந்த மனிதரைத்தான். வாக்குப் போட்டதே குற்றமென்றால் எங்கள் கையையும் கழுவவேண்டும்.

நான் அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். வாக்காளரின் மேசைக்கு ஏப்ரல் 4 ஆம் திகதிக் கடிதம் வரவில்லை. பொருளாதாரத்திலும் அப்படித்தான். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கியபோது திறைசேரியின் கணக்கு யார் கையில் இருந்தது? 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநர்களாயிருந்த கப்ரால், லக்ஷ்மன், திறைசேரிச் செயலாளராயிருந்த ஆட்டிகல உள்ளிட்டவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. 69 லட்சம் பேரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. “எல்லோரும்தான் பொறுப்பு” என்ற பேச்சு அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

டொராண்டோவிலிருந்து: ஆக, சிங்கள வாக்காளருக்கு வக்காலத்து.

வக்காலத்துக்குக் காசு வாங்குவேன். இதற்கு ஒருவரும் தரவில்லை.

நீர்கொழும்பிலிருந்து: நான் அந்த 69 லட்சத்தில் ஒருத்தி. கட்டுவாப்பிட்டியில் என் பெரியம்மா செத்துப்போனா. அந்த வருசம் பாதுகாப்புத் தருகிறேன் என்று சொன்ன ஆளுக்குப் போட்டேன். இங்கே எல்லோரும் எங்களை மடையர் என்கிறீர்கள்.

அக்கா, மன்னியுங்கள். ஹட்டன்காரரும் வாசிக்கட்டும்.

தாக்குதல் நடந்து ஒரு கிழமைக்குள் கோட்டாபய தான் போட்டியிடுவதாகச் சொல்லிவிட்டார். தகவல் இருந்தும் காப்பாற்றாத அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. பயந்தவரின் வாக்கை வாங்கியவருக்குத்தான் கூடுதல் கடன்.

ஹட்டனிலிருந்து: நான் மடையர் என்று எழுதவில்லையே.

எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் கேட்டது.

வவுனியாவிலிருந்து: நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழித்தால் எல்லாம் சரியாகுமா?

ஆகாது. 1978 முதல் அது பெரிய நோய்தான், நானும் ஒழிக்கச் சொல்பவன்தான். ஆனால் 2015 இல் 19 ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தும், இரண்டு தலைவர்கள் பேசாமல் இருந்ததால் 2019 நடந்தது. 2020 இல் 20 ஆம் திருத்தம் அதிகாரத்தைத் திருப்பிக் குவித்தது, 2022 இல் வங்குரோத்து. இரண்டு வழியிலும் அடி வாங்கியிருக்கிறோம். தனிப்பதிவு ஒன்று எழுதவேண்டிய விஷயம்.

கல்முனையிலிருந்து: நானும் இப்போது ஒரு மனுப் போடலாமா?

உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். 2019 க்கு இப்போது முடியாது.

கொழும்பிலிருந்து: சேர், சிறிசேன எப்போது சிறைக்குப் போவார்?

முதல் பதில். மூன்று வகை. தயவுசெய்து.

மன்னாரிலிருந்து: சூத்திரதாரி...

இல்லை.

நீர்கொழும்பிலிருந்து (மேலே எழுதியவர்): அண்ணா, அந்த நட்டஈட்டுப் பணம் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு எப்படிக் கிடைக்கும்?

அதற்கான நிதியத்தை இழப்பீடுகளுக்கான அலுவலகத்தில் அமைக்கும்படி தீர்ப்பே சொல்கிறது. சிறிசேன தவணை தவணையாகக் கட்டியதும் அதற்குத்தான். மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பங்குத் தந்தையின் கடிதம் ஒன்று எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டு இருக்காதீர்கள். கையில் கொடுத்தால், கிடைத்ததென்று திகதியோடு முத்திரை குத்திய பிரதியொன்றை வாங்கிக்கொண்டுதான் அந்த வாசலை விட்டு இறங்கவேண்டும்.