தாகம் எடுக்கும் முன் கிணறு: சீன மருத்துவத்தில் உடல் பேணும் முறை – கேள்வி பதில்

குவாங்சோவில் தங்கிச் சீன மரபு மருத்துவம் படித்தவன் என்ற முறையில், வீட்டில் தாமே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சீன மருத்துவம் என்றாலே ஊசியும் மூலிகைப் பொட்டலமும்தான் நினைவுக்கு வருகின்றன, ஐயா. நோய் இல்லாதவருக்கு அதில் ஏதேனும் இருக்கிறதா?

இருக்கிறது, அந்த மரபு முதலிடம் தருவதே அதற்குத்தான். உயிரைப் பேணுதல் என்று பொருள்படும் 'யாங்ஷெங்' என்ற சொல்லால் அதைக் குறிப்பிடுவார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் மூலநூல், நோய் வந்த பின் மருந்தைத் தேடுவது தாகம் எடுத்த பின் கிணறு வெட்டத் தொடங்குவதையும், போர் மூண்ட பின் ஆயுதம் வார்ப்பதையும் போன்றது என்கிறது. அதே அத்தியாயத்தில் பருவத்துக்கு ஏற்ற உறக்கமும் வகுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது: இலையுதிர் காலத்தில் முன்னதாகப் படுத்துக் கோழியோடு எழ வேண்டும், குளிர்காலத்தில் முன்னதாகப் படுத்து, வெயில் வரும் வரை காத்திருந்து எழ வேண்டும். நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்த நாட்டுக்கு எழுதப்பட்ட விதி இது. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் ஸிமியாவ், நோயை முதலில் உணவால் தணிக்க முயல வேண்டும், உணவால் தீராதபோதே மருந்தை எடுக்க வேண்டும் என்று எழுதினார். எனக்கு இந்த மருத்துவத்தின் மீது பற்று வந்ததே அந்த ஒரு வரியால்தான்.

கேள்வி: சளி பிடித்த முதல் நாளில் சீனர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? இஞ்சித் தேநீர் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளுமா?

எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. குளிரால் வந்த சளியா, வெப்பத்தால் வந்த சளியா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். உடல் நடுக்கம், தண்ணீர் போல் ஒழுகும் மூக்கு, பிடரி வலி ஆகியவை இருந்தால் அது குளிர். தொண்டை எரிச்சல், மஞ்சள் சளி, நாவறட்சி இருந்தால் அது வெப்பம். இஞ்சி முதல் வகைக்கே உரியது. தொண்டை புண்ணாகிக் கிடப்பவர் இஞ்சியைக் காய்ச்சிக் குடித்தால் எரிச்சல் கூடும் என்பது அவர்களுடைய கணிப்பு.

ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜொங்ஜிங், குளிர்ச் சளிக்கு 'குய்ஜி தாங்' என்ற கஷாயத்தை எழுதி வைத்தார். இலவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை, பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, 12 சீன இலந்தைப் பழங்கள் என ஐந்தே சரக்குகள். சரக்குகளைவிட, அதைக் குடிக்கும் முறையைப் பற்றி அவர் எழுதியதுதான் என்னை நெகிழ வைக்கிறது. கஷாயம் குடித்த சற்று நேரத்தில், மருந்தின் வலுவுக்குத் துணையாகச் சூடான நீர்த்த கஞ்சியைக் குடிக்க வேண்டும். பின்பு போர்வையால் மூடிப் படுத்து, உடல் முழுவதும் இலேசாக வியர்வை துளிர்க்கும் வரை இருக்க வேண்டும். வியர்வை தண்ணீராக வழிந்தோடும் அளவுக்கு விடக் கூடாது, அப்படி வழிந்தால் நோய் நீங்காது என்று அளவு சொல்லியிருக்கிறார். நான் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டி அந்த நூலைப் படித்தவர் அல்லர். ஆனால் எனக்குக் காய்ச்சல் கண்ட இரவில் வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டையும் இஞ்சியையும் காய்ச்சிக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை வந்து, புறங்கையை என் பிடரியில் வைத்து வியர்வை பார்த்தார். ஈரம் தட்டியதும் ஒரு போர்வையை உருவி எடுத்துவிட்டுப் போனார்.

மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ இவை எதையும் நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: வயிற்று மந்தத்துக்குக் காலில் ஒரு புள்ளியை அழுத்தச் சொல்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதன் பெயர் 'ஜூசான்லி'. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை மடக்குங்கள். முழங்காற்சில்லுக்குக் கீழே வெளிப்புறமாக ஒரு குழி தட்டுப்படும். அந்தக் குழியிலிருந்து கீழ்நோக்கி உங்கள் கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால், சுண்டு விரல் முடியும் இடத்தில், கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி அந்தப் புள்ளி இருக்கிறது. அளவுக்கு உங்கள் விரல்களையே பயன்படுத்த வேண்டும். குழந்தையின் காலுக்குக் குழந்தையின் விரல்தான் அளவு. கட்டை விரலால் அழுத்தும்போது கூரிய வலி வந்தால் இடம் தவறிவிட்டது என்று கொள்ளலாம். நாள் முழுவதும் நடந்த காலில் வருமே, அந்த உளைச்சல் போன்ற உணர்வுதான் வர வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். கர்ப்பிணிகள், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள 'ஹெகு' புள்ளியை அழுத்தக் கூடாது என்பது மரபு. அதை மீற வேண்டாம்.

கேள்வி: ஐஸ் தண்ணீர் உண்மையிலேயே கெடுதலா?

அது செரிமான நெருப்பை அணைக்கும் என்பது மரபின் கூற்று. ஆரோக்கியமானவர் வெயிலில் ஒரு குவளை குடிப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. குடித்தால் வயிறு வலிக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 'சி' என்னும் உயிராற்றலை அறிவியல் ஏற்கிறதா? நம்புவதா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது.

'சி'யை அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. நோயாளியின் நிலையைப் பேசுவதற்கு அந்த மருத்துவர்கள் உருவாக்கிக்கொண்ட மொழியாகவே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மொழியை ஏற்காதவரும் அதில் பதிந்திருக்கும் கவனிப்பைச் சோதித்துப் பார்க்கலாம். 4ஆம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய கையேட்டில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு பிடி 'சிங்ஹாவ்' செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடிக்கும்படி ஒரு குறிப்பு இருக்கிறது. காய்ச்சச் சொல்லாமல் பிழியச் சொன்னதைக் கவனித்த சீன மருந்தியல் ஆய்வாளர் தூ யூயூ, சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தார். மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் என்ற மருந்து அப்படித்தான் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கேள்வி: அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. சீன மூலிகைகள் இயற்கையானவைதானே, சேர்த்துக் கொடுக்கலாமா?

தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். 'தாங்குய்', 'தான்ஷென்' என்ற இரண்டு வேர்களும் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியவை. அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியத் தரப்பட்ட ஒரு கலவையில், உரிய வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் இடம்பிடித்துவிட்டதால், பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். இயற்கை என்ற சொல் எவரையும் காப்பாற்றாது. அப்பாவுக்கு மருந்து எழுதிய மருத்துவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வேரும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

கேள்வி: அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்து, நெஞ்சு இறுகிப்போகிறது. துக்கம் நுரையீரலைப் பாதிக்கும் என்று படித்தேன். இதற்கு மருந்து உண்டா, ஐயா?

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். முதலில் ஒரு மருத்துவரிடம் இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்துவிடுங்கள்; நெஞ்சு இறுக்கத்தைத் துக்கம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

நீங்கள் படித்தது சரிதான். கோபம் உயிராற்றலை மேலே ஏற்றும், அச்சம் கீழே இறக்கும், ஓயாத யோசனை முடிச்சுப் போடும், துக்கம் கரைத்துவிடும் என்கிறது நெய்ஜிங். 3 முதல் 5 மணி வரையிலான பொழுதை நுரையீரலுக்கு உரியதாகவும் மரபு வகுத்திருக்கிறது. இதை ஒரு நோய்க் கணிப்பாகக் கொள்ள வேண்டாம்; ஆனால் துக்கத்தை மனத்தின் பலவீனம் என்று தள்ளாமல், உடலைக் கரைக்கும் உண்மையான உழைப்பாக அந்த மரபு மதிக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரைந்ததை மெல்லத்தான் நிரப்ப முடியும். நேரம் தவறாமல் கஞ்சியோ சூடான எளிய உணவோ சாப்பிடுங்கள். இரவில் கணுக்கால் நனையும் அளவு வெந்நீரில் 15 நிமிடம் பாதங்களை வைத்திருங்கள். விழிப்பு வந்ததும் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்து, உள்ளே இழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள். உண்ண, உறங்க, வேலை பார்க்க முடியாத நிலை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்; எந்த மூலிகையையும்விட அது விரைவாகக் கைகொடுக்கும்.

கேள்வி: முழங்கால் வலி உள்ள 70 வயதுக்காரர் செய்யக்கூடிய சீன உடற்பயிற்சி எது?

'பாதுவான்ஜின்' என்னும் எட்டு அசைவுகள். முதல் அசைவில் விரல்களைக் கோத்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, மூச்சோடு சேர்த்து மெல்ல இறக்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்தே இதைச் செய்யலாம். குந்தி நிற்கும் அசைவுகளை விட்டுவிடுங்கள். முதல் வாரம் இந்த ஒரே அசைவை நாளைக்கு ஆறு முறை செய்யட்டும். தோள் இளகிய பிறகு அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளலாம்.