மாந்தோப்பை அடமானம் வைத்து மகனை ஜெர்மனிக்கு அனுப்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மா விவசாயம் செய்கிறேன். மகன் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். சி.ஜி.பி.ஏ. 7.6, அரியர் கிடையாது. ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறான். ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். “இந்த மார்க்குக்கு அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்காது. தனியாரில் உடனே சீட் வாங்கித் தருகிறோம், எல்லாம் சேர்த்து முப்பது லட்சம் ஆகும்” என்றார்கள். இரண்டரை ஏக்கர் தோப்பு இருக்கிறது. அதை பேங்கில் வைத்துக் கடன் வாங்கலாமா?

பதில்: தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் ஐயா. கூழ் ஆலைக்காரர் சொல்வதுதான் விலை என்று பெங்களூரா மாங்காயை ஏற்றி அனுப்புகிற ஊர் நம்முடையது. அந்த வருமானத்தில் முப்பது லட்சத்துக்கு வட்டி கட்டி மீள்வது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

7.6-க்குக் கிடைக்காது என்பதை நம்பாதீர்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்ச மதிப்பெண், 4.0 வெறும் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உச்சம் 10, தேர்ச்சி 5 என்று வைத்துப் போட்டால் உங்கள் மகனுக்கு 2.4 வருகிறது. 2.5 வரை ஏற்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. தனியார் கல்லூரிகள் பல, ஆள் சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் தரும். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் அவருக்கு அங்கிருந்து ஒன்றும் வராது. உங்களுக்கு ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நானும் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் இருந்து போனவள்தான். பாலக்கோட்டில் பள்ளி, பிறகு இ.சி.இ., அதன்பின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ். அங்கே சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பிறகும் நான் பார்த்த வரையில், நம் பிள்ளைகளின் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பாடத்திட்டத்தால். அங்கே எம்.எஸ்சி. என்பது இளநிலையில் படித்ததன் தொடர்ச்சி. கணிதத்தில் இத்தனை கிரெடிட், மெக்கானிக்ஸில் இத்தனை, தெர்மோடைனமிக்ஸில் இத்தனை என்று ஒவ்வொரு துறையும் விதி எழுதி வைத்திருக்கும். நம் கிரெடிட்டும் அவர்கள் கிரெடிட்டும் ஒன்றல்ல. அங்கே ஒரு கிரெடிட் என்றால் வீட்டில் படிப்பதையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஓராண்டுக்கு 60 கிரெடிட். மெக்கானிக்கல் படித்தவர் ‘ஸ்கோப் இருக்கு’ என்று கேள்விப்பட்டு டேட்டா சயின்ஸுக்குப் போட்டால், 9.2 வைத்திருந்தாலும் கதவு திறக்காது. அதே ஆள் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங்கோ கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸோ கேட்டால் 7.6-ஐயும் மதித்துப் பார்ப்பார்கள்.

ஆகவே தம்பி இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்லூரியின் முழு சிலபஸை எடுத்து, விரும்புகிற படிப்பின் மாட்யூல் கையேட்டை, அதாவது அங்கே என்னென்ன பாடம் என்று விவரிக்கும் புத்தகத்தை, பக்கத்தில் வைத்து, பாடம் பாடமாக, யூனிட் யூனிட்டாக ஒப்பிட்டு எழுதட்டும். ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம், லேப் உண்டா என்பது வரை எழுத வேண்டும். எந்தக் கன்சல்டன்சியும் இதை உட்கார்ந்து செய்யாது. இருபது இடத்துக்கு வீசி எறிவதைவிட, இப்படி ஒப்பிட்டுத் தேர்ந்த ஆறு இடங்களுக்குப் போடுவது மேல்.

பணக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. இந்த இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்ட்தான். விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ கட்டிக் காட்ட வேண்டும், நம் பணத்தில் சுமார் பன்னிரண்டு லட்சம். அது யாருக்கும் கொடுக்கிற கட்டணம் என்று எண்ண வேண்டாம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் மகன் கைக்கே திரும்ப வரும், வாடகையும் சாப்பாடும் இன்ஷூரன்ஸும் அதில்தான். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யவும் அனுமதி உண்டு. இரண்டாம் ஆண்டை அதில் ஓட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதல் செமஸ்டரில் வேலைக்கு ஓடவே கூடாது. அங்கே அரியர் எழுதிக்கொண்டே இருக்க முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டாயத் தேர்வில் மூன்றாம் முறையும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்தது.

சொத்து அடமானம் இல்லாமல் ஏழரை லட்சம் வரை வங்கிக் கல்விக் கடன் கேட்கலாம். நான்கு லட்சத்துக்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். மீதிக்கு என் யோசனை, தம்பி ஓசூர் சிப்காட்டில் ஒன்றரை வருடம் வேலை பார்க்கட்டும். கையில் காசு சேரும், தொழிற்சாலை அனுபவத்துக்குச் சில துறைகளில் மதிப்பும் உண்டு. அதற்குள், நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழை வாங்கிவிடலாம். 2022 நவம்பரில் இருந்து அது இல்லாமல் மாணவர் விசா கிடையாது, கட்டணம் 18,000 ரூபாய். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குச் சில இடங்களில் மார்ச்சிலேயே கடைசித் தேதி வந்துவிடும், பல இடங்களில் மே முதல் ஜூலை 15 வரை.

பட்டியல் சாதிக் குடும்பங்களில் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருப்பவர்கள், ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் இருந்து எழுதுகிறேன் அக்கா. இ.இ.இ. மூன்றாம் ஆண்டு. பாடம் ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு?

பதில்: வகுப்புக்கு வேண்டாம்மா, வேலைக்கு வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்க விடுவார்கள். அந்த நாட்களில் ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலை (ஏ1 தான் தொடக்க நிலை) இருக்கிற பெண்ணுக்கு இன்டர்வியூ வரும், இல்லாதவளுக்கு வருவது அரிது. உனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போதே ஏ1 தொடங்கினால் கிளம்பும்போது பி1 கையில் இருக்கும். தேர்வுக்குச் சென்னை போக வேண்டியதில்லை, ஜெர்மன் மொழி மையமான பெங்களூரு மாக்ஸ் முல்லர் பவனிலேயே எழுதலாம்.