காட்டுப்பன்றிக்குக் கரண்டு, வெடி, விஷம்: கேட்டவர்களுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கிற சமயம் வந்துவிட்டால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி காட்டுப்பன்றியைப் பற்றித்தான். இந்தத் தடவை வந்தவற்றில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். கோபமாக எழுதியவர்களின் கேள்விகளைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், போனது வசவு மட்டும்தான்.

களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கேன். ஒரே ராத்திரியில தோட்டத்துல ஒரு பக்கத்தையே சாய்ச்சுட்டு. என் நிலம், என் வாழை. ராத்திரி மட்டும் கம்பியில கரண்டு விட்டா என்ன தப்பு?

உங்கள் நஷ்டத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை அண்ணாச்சி. பன்றி தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, அடி மண்ணைக் கிளறிக் கிழங்கைக் கடித்துப் போட்டு, தின்னாத வாழையையும் சாய்த்துவிட்டுத்தான் போகும். ஆனால் லைனிலிருந்து நேராக இழுத்த 230 வோல்ட் கம்பிக்குப் பன்றி எது, மடை திறக்க விடியற்காலையில் வருகிற பக்கத்து வயல்காரர் யார் என்று தெரியாது. வரப்பு ஈரமாக இருக்கும்போது தொட்டவரைத் தசை இறுகி அந்தக் கம்பியே பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் கை விடாது. கம்பி வைத்தவரே காலையில் ஆஃப் பண்ண மறந்து செத்த கதை நம் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் புதிதில்லை.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப் பயிரைக் காக்கப் போட்ட கள்ளக் கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்துத் தாய்மார் கிடந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றன. அந்த வருஷமே மின்வேலிக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலத்தில் முறையான சோலார் வேலி போடுவதென்றாலும் இப்போது பதிவு செய்ய வேண்டும். களக்காட்டில் உங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருப்பது புலிகள் காப்பகம், 1988லிருந்து. அங்கிருந்து இறங்குவது பன்றி மட்டும் இல்லை. மிளா மான், கரடி, சிறுத்தை, சில இடங்களில் யானை என்று எல்லாம்தான் வரும்.

பன்றியைக் கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரைக் கொல்லப்போகிறோம் என்று தெரியாத கருவியை வைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குவதைத்தான் தப்பு என்கிறேன். மனிதர் செத்தால் கொலையாகாத மரணம் விளைவித்த பிரிவில் வழக்கு வரும். வழக்கு வராவிட்டாலும் அது தப்புத்தான்.

அவுட்டுக்காய் வச்சா பன்னி ஒரே நொடியில போயிரும், வலி தெரியாதுன்னு சொல்றாங்களே?

அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி. சொல்கிறவர் செத்த பன்றியைப் பார்த்திருக்கலாம், சாகாத பன்றியைப் பார்த்திருக்க மாட்டார். வெடி வாய்க்குள் வெடிக்கிறது, மூளைக்குள் இல்லை. கீழ்த்தாடை நொறுங்கும், நாக்கு கிழியும், பல் தெறிக்கும். உயிர் அங்கே போகாது. அந்த வாயோடு ஓடி ஏதாவது ஓடையோரம் போய்ப் படுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க முடியாமல், புண்ணில் புழு வைத்து, நாள் கணக்கில் கிடந்துதான் சாகும்.

இதே வெடியைக் கடித்த பசுவுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். தாடை இரண்டாகப் பிளந்து தோலில் தொங்கியது. அது தண்ணீர்த் தொட்டிக்கு வந்து மூக்கை முக்கியது, உறிஞ்ச முடியவில்லை, திரும்ப முக்கியது. தைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஊசி போட்டு முடித்துவைத்தேன். சொந்தக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வெடி வைத்தது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் சினையாக இருந்த யானை ஒன்று இப்படி வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீரில் போய் நின்றபடியே செத்தது நாடு முழுக்கத் தெரிந்தது, அது யானை என்பதால். பன்றிக்கும் அதே நரம்பு, அதே வலிதான்.

குருணை மருந்தைச் சோத்துல கலந்து வைக்கலாமா? சத்தம் இல்லாத வேலை.

வேண்டாம். வயலில் பூச்சிக்குத் தூவுகிற விஷம் அது. எச்சில் ஒழுகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, மூச்சு நின்று சாகிற சாவு அது. அப்புறம் அந்தச் சோற்றை மயில் கொத்தும், நாய் நக்கும், செத்ததைத் தின்ற காக்காயும் விழும். வாய்க்கால் கரையில் வைத்தால் எங்கே போய்ச் சேரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் ஹெலிகாப்டரில் பறந்து சுட்டுத் தள்ளுகிறார்கள். வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் சரி என்றால் இங்கே மட்டும் ஏன் தப்பு? (கடையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. முதலில், அது அந்த மண்ணின் விலங்கே இல்லை. 1500களில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோன வீட்டுப் பன்றிகள் காட்டில் பெருகி, பிறகு வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் கொண்டுவந்து விட்டதில் கலந்துபோன கூட்டம். நம்முடையது இங்கேயே தோன்றியது. மேலே காட்டில் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் புலிக்கும் அதுவும் ஓர் இரை. காட்டிலிருந்து அதைத் துடைத்து எடுத்துவிட்டால் சிறுத்தை உங்கள் ஊர் ஆட்டுக் கிடைக்குத்தான் வரும்.

அங்கேயும் எல்லாம் சரி என்று யாரும் முடிவு கட்டிவிடவில்லை. காசு கொடுத்து ஹெலிகாப்டரில் ஏறிச் சுட 2011இல் டெக்சாஸ் சட்டம் இடம் கொடுத்தது. பறக்கிற இடத்திலிருந்து ஓடுகிற பன்றியைச் சுடுகிறபோது முதல் குண்டிலேயே விழும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வேலை தெரிந்தவர் சுடுவது ஒன்று, பிறந்தநாள் கொண்டாட வந்தவர் சுடுவது வேறு. 2017இல் வார்ஃபரின் கலந்த தீனி வைக்க அதே மாநிலம் கிளம்பியது. நம் ஊர் எலி மருந்து வகைதான், உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து நாள் கணக்கில் சாக வைக்கும். எதிர்த்தவர்களில் வேட்டைக்காரர்களும் பன்றிக்கறி வியாபாரிகளும் முன்னால் நின்றார்கள், அப்போது அது நின்றுபோனது. சோடியம் நைட்ரைட் தீனி அதைவிட மேல், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதையும் 2018இல் அங்கே சோதித்தபோது பன்றி சிந்திய தீனித் துணுக்குகளைத் தின்று சின்னப் பறவைகள் செத்தன.

எனக்குப் பிடித்த உதாரணம் மிசூரி. அந்த மாநில வனத்துறை 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. பன்றிமேல் பாசம் வந்து இல்லை! ஒன்றிரண்டைச் சுட்டால் மிச்சக் கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் பரவுகிறது, பெரிய பட்டிக்கூண்டு வைத்து மொத்தக் கூட்டத்தையும் ஒரே தடவையில் பிடிக்கிற வேலை கெடுகிறது என்பதால். வீடியோவில் ஜோராக இருப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

இங்கேயும் சுட அனுமதி வந்துட்டாமே? மாமாகிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு.

மாமாவின் துப்பாக்கி பீரோவிலேயே இருக்கட்டும். 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டி வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் மனு கொடுங்கள்.

பயிற்சி உள்ள ஒருவர், பன்றிதான் என்று கண்ணால் பார்த்து, ஒரே குண்டில் சாய்ப்பதில் இருக்கிற கொடுமை வெடியிலும் கண்ணியிலும் இருக்கிறதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் இதை நான் எதிர்க்கவில்லை. பாலூட்டுகிற தாயைச் சுட்டால் குட்டிகள் பசியில் சாகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. மணிமுத்தாறு, சிங்கம்பட்டி, திருக்குறுங்குடி மாதிரி மலையடி ஊர்களில்தான் அடி அதிகம், அந்த வயல்களில் பல அந்த 1 கிலோமீட்டருக்குள்ளேயே வருகின்றன. காட்டைக் காப்பாற்றுகிற செலவை அவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு, இழப்பீட்டுக்கு மாதக்கணக்கில் அலையவிட்டு, அப்புறம் ‘கம்பி வைக்காதே’ என்று சொன்னால் எவன் கேட்பான்?

எந்த உயிரையும் கொல்லாமல் மனிதன் வாழ முடியாதா? (பாளையங்கோட்டை)

முடியும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சாப்பிடுகிற அரிசிக்காக யாரோ ஒருவர் மார்கழிப் பனியில் டார்ச்சும் தகர டப்பாவுமாக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சோலார் வேலி வாங்கக் கொஞ்சம் பணம் கொடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

பழைய சேலை, தலைமுடி, முட்டைக் கரைசல், இதெல்லாம் கேக்குமா? சோலார் வேலியும் பன்னிக்கு நிக்கலியே?

சேலையும் முடியும் கொஞ்ச நாளைக்குக் கேட்கும், பிறகு பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்தால் அறுவடை வரை ஓட்டலாம்.

சோலார் வேலி நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் கட்டினதில் கோளாறு. அது அடிப்பது நொடிக்கு ஒரு தடவை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம். சுரீர் என்று வலிக்கும், ஆளைப் பிடித்துவைக்காது, அதனால்தான் அது கொல்வதில்லை. யானைக்குக் கட்டுகிற உயரத்தில் கட்டினால் பன்றி கீழே நுழைந்துவிடும். பன்றி மூக்கால் தரையை உழுதுகொண்டே வருகிற பிராணி, கீழ்க்கம்பி தரையிலிருந்து அரை அடி முதல் முக்கால் அடிக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு. மூக்கில் பட்டால்தான் பின்வாங்கும், முதுகு முடியில் பட்டால் ஓடியே போய்விடும், முன்னால்! கம்பியில் புல் சாய்ந்தால் கரண்டு மண்ணுக்குள் போய்விடும், வாரம் ஒரு தடவை அரிவாள் எடுங்கள். எர்த் கம்பி காய்ந்த மண்ணில் இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துல பிரேக் ஒயர் கண்ணியில ஒரு பன்னி மாட்டிக் கெடக்கு, உயிர் இருக்கு. அவிழ்த்து விடட்டுமா?

கிட்டப் போகாதீர்கள். ஒயர் அறுந்தால் முதல் குத்து உங்கள் தொடையில்தான் விழும். ஊர் கூடிச் சத்தம் போடவும் விடாதீர்கள், திமிறத் திமிறச் சுருக்கு இடுப்பில் இறங்கும், தசை சிதைந்து சிறுநீரகம் கெட்டுப்போகும், அவிழ்த்துவிட்டாலும் இரண்டு நாளில் செத்துவிடும். வனத்துறைக்கு உடனே போன் போடுங்கள், மயக்க ஊசியோடு வருவார்கள். கண்ணி யாருடையது என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள்.