ஃப்ளாட்டை விற்க வேண்டாம், மகள் சட்டம் படிக்கட்டும்

கெய்ரோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. ஷுப்ரா பகுதியிலிருந்து எகிப்தில் சிறுபான்மையினரான காப்டிக் கிறிஸ்தவர்களில் ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். தானவிய்யா ஆம்மாவில், அதாவது எகிப்தின் பிளஸ் டூவில், அரசு மருத்துவக் கல்லூரிக்கு வேண்டிய மார்க் வரவில்லை. பாட்டி விட்டுப்போன ஃப்ளாட்டை விற்றுத் தனியார் கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார் மாமா. மகள் சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். “நம்ம ஆளுங்க வக்கீலாகி எங்கே போய்ச் சேர முடியும்?” என்று அந்த அம்மா கண் கலங்கினார். அவருக்கு எழுதியது இது.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஃப்ளாட்டை விற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மருத்துவம் ஐந்து வருடப் படிப்பு, அதன்மேல் இரண்டு வருடப் பயிற்சி. ஏழு வருடத்துக்கு வீட்டையே கரைத்துவிட்டு, விருப்பமில்லாத பெண்ணை வார்டில் நிறுத்தி என்ன பயன்? பணம் கட்டப்போவது மாமா இல்லை.

உங்கள் மகள் என் மேஜையில் எதை விரித்தாள் என்று பார்த்தீர்களா? பக்கத்து வீட்டுக்காரரின் பழங்காலத்து வாடகை ஒப்பந்தம். 2024 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், சட்டத்தால் ஏறாமல் உறைந்து கிடந்த பழைய வாடகை பற்றித் தீர்ப்பு சொன்னதே, அதன் நகலில் பென்சிலால் கோடு போட்டு, அவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்த வேலை அது.

சரி, ‘நம்ம ஆளுங்க’ கேள்விக்கு வருகிறேன். தெற்கு எகிப்தின் கினாவில் பிறந்த மக்ரம் உபைதும் உங்கள் ஆள்தான். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர். வசதியான வீட்டுப்பிள்ளை, வெளிநாட்டுப் படிப்பு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம். நீதித் துறையில் ஆங்கிலேய ஆலோசகரின் செயலாளராக இருந்தார். ஆங்கிலேய ஆதிக்கத்துக்கு எதிரான 1919 எழுச்சியில் தேசத்தின் பக்கம் நின்றதால் அந்த வேலை போனது. 1921 டிசம்பரில் விடுதலைப் போராட்டத் தலைவர் ஸாத் ஸக்லூலோடு கைதாகி, செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்து ஸக்லூலின் வஃப்து கட்சியின் பொதுச் செயலாளரானார். 1928ல் போக்குவரத்து அமைச்சர், அப்புறம் பலமுறை நிதியமைச்சர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த கட்சி அது. எதுகையோடு ஓடும் அவருடைய அரபுப் பேச்சில் குர்ஆன் வசனங்களும் சரளமாக வரும். கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள். 1942ல் கட்சித் தலைமையோடு மோதிப் பதவி இழந்தார். மறு வருடமே வஃப்து அரசின் முறைகேடுகளைத் தொகுத்து ‘கறுப்புப் புத்தகம்’ வெளியிட்டார். பதவி வந்தது, போனது. வாதாடத் தெரிந்த நாக்கையும் ஆவணத்தைத் துருவும் கண்ணையும் யாராலும் பறிக்க முடியவில்லை.

மகளை அமைச்சராக்குங்கள் என்று சொல்லவில்லை. கெய்ரோ பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் சாதாரண அரபுப் பிரிவே போதும். நாலு வருடம். ஆங்கிலப் பிரிவுக்குக் கட்டணம் அதிகம், இப்போதைக்கு வேண்டாம். பட்டம் வாங்கியதும் வக்கீல் சங்கத்தில் பதிந்து, இரண்டு வருடம் சீனியரிடம் ஜூனியராக இருக்க வேண்டும். வாய்தா கேட்பது, நகல் வாங்க அலுவலகப் படி ஏறுவது, மனு எழுதுவது என்றுதான் நாள் போகும். வருமானம் சொற்பம், அதை மறைக்க மாட்டேன். அந்த இரண்டு வருடத்துக்கு அவள் குடியிருக்கத்தான் ஃப்ளாட் வேண்டும். வீட்டு வாடகை வழக்குகளில் கை பழகட்டும், ஷுப்ராவிலேயே வழக்குகள் தேடி வரும். அரசுக்கு எதிரான வழக்குகளை விசாரிக்கும், பெண்களுக்கு நெடுங்காலம் மூடிக்கிடந்த நிர்வாக நீதிமன்றத்தில்கூட 2021 அக்டோபரில் 98 பெண்கள் நீதிபதிகளாகப் பதவியேற்றார்கள்.

கல்லூரி விருப்பப் பட்டியலை அவள் கையாலேயே நிரப்பட்டும். வீட்டு புரோக்கருக்கு இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமாவுக்குக் கோபம் வந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.