ஒரு நாள் குறைந்தால் மகன் தப்பிக்கலாம்

கேள்வி: சான் ஹோசேயில் மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கும் என் மகன், ஒரு கடையிலிருந்து 1,300 டாலர் விலையுள்ள டேப்லெட்டையும் ஹெட்ஃபோனையும் பணம் கட்டாமல் எடுத்து வந்து வாசலிலேயே பிடிபட்டான். ஜாமீனில் இருக்கிறான். ‘கிராண்ட் தெஃப்ட், ஃபெலனி’ என்று வழக்கு. கடைக்காரரிடம் பேசிச் சமாதானமாகப் போகலாமா? முதல் நாளே ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்கிறான் அவனோடு தங்கியிருக்கும் பையன்.
— கோவை வாசகர்

பதில்: ஐயா, அந்தப் பையன் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம்.

நம் ஊர்போலக் கடைக்காரர் ‘புகார் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தால் அங்கே வழக்கு முடியாது. வழக்கை நடத்துவது மாவட்ட அரசு வழக்கறிஞர். நஷ்டத்தை ஈடுகட்டி வழக்கைத் தள்ளச் சொல்லும் வழி கலிஃபோர்னியாவில் உண்டுதான், ஆனால் அது சிறுகுற்றமான மிஸ்டிமீனருக்கு மட்டும்.

ஆகவே முதல் வேலை, பெருங்குற்றமான ஃபெலனியை மிஸ்டிமீனராக இறக்குவது. அங்கே திருடிய பொருளின் மதிப்பு 950 டாலரைத் தாண்டினால் கிராண்ட் தெஃப்ட், அதாவது பெருந்திருட்டு. அதே குற்றத்தை இரண்டு வகையாகவும் நடத்தச் சட்டம் இடம் தருகிறது: ஃபெலனி என்றால் மூன்று வருடம் வரை, மிஸ்டிமீனர் என்றால் 364 நாள் வரை. முதல் குற்றம், பொருள் திரும்பிவிட்டது, படிக்கிற பையன் என்று காட்டி வக்கீல் பேசினால் அரசுத் தரப்பு இறங்கிவர வாய்ப்பு உண்டு. நீதிபதியே குறைக்கவும் முடியும். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைவரை போகாமல் பேரத்தில்தான் முடிகின்றன. முதல் ஆஜரில் ‘குற்றவாளி இல்லை’ என்று சொல்வது பொய் சொல்வதாகாது. பேசுவதற்கு அவகாசம் வாங்குவது, அவ்வளவுதான்.

அந்த 364-ஐக் கவனித்தீர்களா? முன்பு மிஸ்டிமீனருக்கும் ஒரு வருடம் வரை தண்டனை இருந்தது. 2015 முதல் ஒரு நாளைக் குறைத்துவிட்டார்கள். திருட்டைக் குடியேற்றச் சட்டம் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றமாகப் பார்க்கிறது. அனுமதி பெற்று நாட்டுக்குள் வந்த ஐந்து வருடத்துக்குள் செய்ததாக இருந்து, அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை தர இடமிருந்தால், ஆளை நாடு கடத்தலாம். உண்மையில் எவ்வளவு தண்டனை கொடுத்தார்கள் என்பது இங்கே கணக்கில்லை. அதனால் ஒருநாள்கூடச் சிறையில் இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தாலும், ஃபெலனி என்று ஒப்புக்கொண்டவன் மாட்டிக்கொள்வான். மிஸ்டிமீனர் என்றால் அதிகபட்சமே 364 நாள்தான், ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு, அதனால் இந்த விதியில் சிக்கமாட்டான்.

இதைவிட நல்லது டைவர்ஷன். மிஸ்டிமீனர் வழக்கை நீதிபதி 24 மாதம் வரை நிறுத்திவைப்பார். சொன்ன வகுப்பு, சமூக சேவை, நஷ்டஈடு எல்லாம் முடித்தால் வழக்கு தள்ளுபடி. முன்கூட்டிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ‘முதலில் ஒப்புக்கொள், பிறகு தள்ளுகிறோம்’ என்று வேறு ஏற்பாடு ஏதாவது சொன்னால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். பின்னால் தள்ளினாலும், குடியேற்றத் துறை அதைத் தண்டனையாகவே கணக்கில் வைக்கும்.

அப்புறம், வக்கீல். வசதியில்லையென்றால் அரசு தரும் பப்ளிக் டிஃபெண்டரைக் கேட்கலாம், வெளிநாட்டு மாணவனுக்கும் அந்த உரிமை உண்டு. இலவசம் என்பதால் ஏளனம் வேண்டாம், தினமும் அதே கோர்ட்டில் நிற்பவர்கள். ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலை என்னவாகும் என்று சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அவன் வாய்விட்டுக் கேட்கட்டும்.

நடந்ததை வாட்ஸ்அப்பில் உங்களுக்குக்கூட எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருந்தால், குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் கிளம்ப விடாதீர்கள். தண்டனை இல்லாவிட்டாலும் கைதுக்காகவே விசாவை ரத்து செய்ய அமெரிக்க அரசால் முடியும். இங்கே வந்தபின் அது நடந்தால் திரும்பிப் போவது பெரும்பாடு.