விற்ற காரின் ஆப் இன்னும் உங்கள் போனில்

கேள்வி: ஜூலையில் என் காரை மைத்துனருக்குத் தெரிந்த ஒருவருக்கு விற்றேன். பெயர் மாற்றம் அப்போதே முடிந்துவிட்டது. 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பாக்கி. தீபாவளிக்குள் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதினார். பொங்கலும் போய்விட்டது. கார் இன்னும் என் போனிலுள்ள கார் நிறுவனத்தின் ஆப்பில் தெரிகிறது. சனிக்கிழமை தவறாமல், மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் நிற்கிறது. ஆத்திரத்தில் இரண்டு முறை இரவில் ஹாரனை ஒலிக்க வைத்தேன், ஒருமுறை கதவைப் பூட்டினேன். வரைபடத்தைப் படமெடுத்து, "ஜோகூர் போகக் காசு இருக்கு, எனக்குத் தர இல்லையா?" என்று அவருக்கே அனுப்பினேன். இப்போது போலீசுக்குப் போவேன் என்கிறார். என் வீட்டு முகவரி, தொடர்பு எண்கள் எல்லாம் அந்தக் காரில்தான் இருக்கின்றன. ஆப் கணக்கு என் பெயரில்தானே? அந்தப் படங்களை வைத்து வழக்குப் போடலாமா? நானும் இப்போது ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன்.
— யீஷூன் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: "பெயர் மாற்றம் அப்போதே முடிந்துவிட்டது." சாவியைக் கொடுத்தீர்கள், பெயரையும் மாற்றிக் கொடுத்தீர்கள். பாக்கி தீரும்வரை கார் என்னுடையது என்று எங்கும் எழுதி வாங்கவில்லை. ஆகவே அந்த நாளிலிருந்து அவர் உங்களுக்குக் கடன்காரர், அவ்வளவுதான். கார் அவருடையது. மைத்துனருக்குத் தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்ததும், தீபாவளிக்குள் தருவதாக எழுதியவர் பொங்கல் போயும் தராததும் மனதுக்கு வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. முகவரி, தொடர்பு எண்கள் பற்றிய பயத்துக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உதவாது. சொந்த, வீட்டு விஷயமாக நடந்துகொள்ளும் தனிமனிதரை அது கட்டுப்படுத்துவதில்லை.

கடன் விஷயம் எளிது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளிவரை கேட்கும், இரண்டு ஆண்டுக் கெடுவும் தாண்டவில்லை. "தீபாவளிக்குள் தருகிறேன்" என்ற அவருடைய செய்தியும் வங்கிக் கணக்கு விவரமும் போதும். கார் எந்தச் சனிக்கிழமை எங்கே நின்றது என்பது தேவையே இல்லை.

எனக்குக் கவலை தருவது அந்தப் படங்கள்தான். கணக்கு என் பெயர், கடவுச்சொல் என்னுடையது, அதனால் திறந்து பார்ப்பது தப்பில்லை என்று நினைக்கிறீர்கள். கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அந்தக் கணினிக்குள் யார் நுழையலாம் என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு, அவர் சம்மதம் உங்களுக்கு இருந்ததா என்றுதான் அது கேட்கும். கார் எப்படிக் கணினி ஆகும் என்கிறீர்களா? சட்டத்தில் கணினி என்பதன் வரையறை மிக விரிவானது. தட்டச்சு இயந்திரம், கையடக்கக் கணக்குப்பொறி மாதிரிச் சிலவற்றைத்தான் விலக்கியிருக்கிறார்கள். இணையத்தோடு பேசும் காரை அந்த விலக்குக்குள் கொண்டுபோவது கஷ்டம். அனுமதியில்லாத நுழைவுக்கு முதல் தடவையே 5,000 வெள்ளிவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ஹாரனும் கதவும் வெறும் பார்வையைத் தாண்டிய செயல்கள். கணினியின் இயக்கத்தில் கைவைப்பதற்கு வேறு பிரிவுகள் உண்டு, அவற்றில் 10,000 வெள்ளியும் மூன்று ஆண்டும்வரை போகும். அப்புறம், ஒருவர் போகுமிடத்தை மாதக்கணக்கில் கவனித்து அவருக்கே தெரியப்படுத்துவதைத் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் பின்தொடர்தல் என்று கொண்டுபோகவும் வழி இருக்கிறது.

"நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவன் நான்" என்று வாதாட இடமில்லாமல் இல்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் குற்றவியல் நீதிமன்றம். 4,500 வெள்ளிக்காக நீங்கள் போய் நிற்க வேண்டிய இடமா அது?

என்னிடம் வருபவர்கள் விழும் குழி பெரும்பாலும் இதுதான். மணமுறிவு வழக்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். மனைவி பெயருக்குப் போய்விட்ட காரைக் கணவர் ஆப்பில் பார்த்துக்கொண்டே இருப்பார். எதிர்த்தரப்பை மடக்க ஆதாரம் என்று படங்களைக் கோப்பில் அடுக்கிக் கொண்டுவருவார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி, நேரம். இரவு 11:42, விடிகாலை 5:10. அந்தக் கோப்பு அவருக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலம் என்பதை நான் சொல்லித்தான் உணர்வார். நீங்கள் அதைக் கோப்பில்கூட வைக்கவில்லை, எதிராளியின் போனுக்கே அனுப்பிவிட்டீர்கள்.

இனி அந்த ஆப்பைத் திறக்காதீர்கள், காரை நீக்குவதற்காகக்கூட. அதுவும் ஒரு நுழைவுதான். கார் நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: இந்தத் தேதியில் கார் விற்கப்பட்டது, என் கணக்கிலிருந்து அகற்றுங்கள். ஆப்பை மட்டும் போனிலிருந்து அழித்தால் கணக்கு அப்படியே இருக்கும், நீங்கள் நுழைந்த நேரங்களும் நிறுவனத்தின் பதிவில் இருக்கும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவே அழிக்காதீர்கள். போலீஸ் புகார் வரலாம் என்று தெரிந்த பிறகு அழித்தால் அது தனி வழக்காகும்.

பணத்தை இப்போதைக்கு மன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் மனுப் போட்ட மறுநாள் அவர் போலீசுக்குப் போவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சமரசமாகப் போங்கள். பாதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று தவணை என்றாலும் சரி. பேச்சை நீங்கள் நடத்த வேண்டாம், மைத்துனரும் வேண்டாம். ஒரு வழக்கறிஞர் மூலம் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' கடிதமாக, அதாவது சமரசத்துக்காகச் சொல்வதைப் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாதபடி, போகட்டும். ஒன்றில் மட்டும் கவனம்: "நீ புகார் கொடுக்காதே, நான் பாக்கியை விடுகிறேன்" என்று எந்தக் காகிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் எழுதிவிடாதீர்கள். குற்றப் புகாருக்கு விலை பேசியதாக அது உங்கள் மேலேயே திரும்பும். தீர்வு கடனைப் பற்றி மட்டும் இருக்கட்டும். போலீஸ் கூப்பிட்டால் வாக்குமூலம் தருவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நீங்கள் வாங்கிய பழைய காரைப் பற்றியும் ஒன்று. அதன் ஆப்பில் முன்னவர் பெயர் இன்னும் இருக்கலாம். இந்த வாரமே காரின் திரையில் முழு ரீசெட் செய்து, உங்கள் பெயரில் புதிதாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வேறு யாருடைய கணக்கும் காரோடு இணைந்தில்லை என்று சேவைப் பிரிவிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.