மண்டியைச் சுரண்டாதீர்கள்

கேள்வி: எங்கள் நிலத்து வேர்க்கடலையைச் செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டி வாங்கினேன். நான்கு நாள் வெயிலில் வைத்தேன். வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். அப்படியும் கலங்கலாகவே இருக்கிறது. கடையில் விற்பது மட்டும் கண்ணாடி போல் இருக்கிறதே, மருந்து ஏதாவது போடுகிறார்களா?
- ஒரு வாசகி, போளூர்

பதில்: எண்ணெய் தெளிய மருந்து தேவையில்லை அம்மா. ரீஃபைண்ட் எண்ணெய் வேறு சமாச்சாரம். அதைச் சுத்திகரிக்கும்போது காஸ்டிக் சோடாவும் நிறம் எடுக்கும் மண்ணும் சேர்ப்பார்கள். நீங்கள் கேட்கும் தெளிவுக்குத் துணியும் பொறுமையும் போதும். திண்டிவனம் பக்கம் ஓர் ஆலையில் 26 வருடம் ஃபில்டர் பிரஸ் என்ற எண்ணெய் வடிகட்டும் இயந்திரத்தை ஓட்டியவன் நான்.

முதலில் வெயில் விஷயம். எண்ணெயில் மிதக்கும் தூள் கீழே இறங்கும் வேகத்துக்கு 1851-ல் ஸ்டோக்ஸ் என்பவர் ஒரு கணக்குக் கொடுத்தார். தூளின் அளவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். கடலை எண்ணெய் தண்ணீரைவிட எழுபது மடங்குக்கு மேல் கெட்டி. அதில் 10 மைக்ரான் தூள், அதாவது தலைமுடிப் பருமனில் ஏழில் ஒரு பங்கு, ஒரு நாளில் சுமார் 3 செ.மீ. இறங்கும். ஓரடி உயரப் பாத்திரத்துக்குப் பத்து நாள். 1 மைக்ரான் தூளுக்கு ஆயிரம் நாள்! எண்ணெய் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் கெட்டித்தன்மை ஏறக்குறைய பாதியாகும், தூளும் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். வெயிலில் வைப்பது இதற்குத்தான். ஆனால் கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் காறும். செம்பு, பித்தளையும் வேண்டாம். எவர்சில்வர் தூக்கு, வாயில் மெல்லிய துணி, அவ்வளவுதான்.

மிச்சமிருக்கும் பொடித்தூளைத் துணிதான் பிடிக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். வேட்டித் துணியின் இழை இடுக்கு அந்தத் தூளைவிடப் பல மடங்கு பெரியது. துணி தனியாக அதைப் பிடிக்காது. முதலில் பெரிய தூள் துணியில் படியும், அதன்மேல் சின்னது, அதன்மேல் இன்னும் சின்னது. அப்படிப் படியும் மண்டிதான் உண்மையான வடிகட்டி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பிரஸ்ஸில் வரிசையாக இரும்புத் தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் கித்தான் துணி. பம்ப் எண்ணெயைத் தள்ளும், தட்டுகளின் அடிக்குழாய் வழியாக வடியும். ஒருநாள் ஓட்டம் சற்றுக் குறைந்தது. அடைத்துக்கொண்டது என்று நினைத்துப் பிரஸ்ஸைத் திறந்து, விரல் கனம்கூட இல்லாத மண்டியைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். குழாயில் வந்தது கழனித்தண்ணீர் மாதிரி. அதைக் கவனிக்காமல் சுத்தத் தொட்டிக்கே விட்டுவிட்டேன். இரண்டு நாள் வேலை வீண். மேஸ்திரி திட்டவில்லை. அடுத்த முறை குழாயடியில் ஒரு டம்ளரைப் பிடித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மங்கல், அப்புறம் புகை போல, அப்புறம் டம்ளருக்குப் பின்னால் அவர் ரேகையே தெரிந்தது. அதுவரை வந்ததெல்லாம் பழைய தொட்டிக்கே திரும்பிப் போக வேண்டும் என்றார்.

வீட்டிலும் அதையே செய்யுங்கள். தெளிய வைத்த எண்ணெயை அலுங்காமல் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அடிமண்டியைக் கலக்கி, நான்காக மடித்துக் கட்டிய துணியில் முதலில் ஊற்றுங்கள். கலங்கலாக வடிவதைத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள், மூன்று நான்கு தரம். தெளிவாக விழ ஆரம்பித்ததும் பாத்திரத்தை மாற்றி, மீதி எண்ணெயை மெதுவாக ஊற்றுங்கள். சொட்டு நிதானமாகத்தான் விழும். அவசரப்பட்டுக் கரண்டியால் கிண்டவோ, துணியைப் பிழியவோ கூடாது. பிழிந்தால் பிடித்த தூளெல்லாம் கீழே இறங்கிவிடும். ராத்திரி கட்டிவிட்டால் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, துணியில் தங்கும் மண்டி. பூஞ்சை பிடித்த கடலையில் இருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு எண்ணெயைவிடப் புண்ணாக்கிலும் இந்தத் தூளிலும்தான் அதிகம் தங்கும். சந்தேகமில்லாமல் நன்றாகக் காய்ந்த கடலை என்றால் புண்ணாக்கோடு கலந்து மாட்டுக்கு வையுங்கள். மழையில் நனைந்த கடலையாக இருந்தால் எருக்குழியில் போட்டுவிடுங்கள்.